இல்லாட்டிச் சட்டமூலம்

லோறென்ஸ்கூக்
9 பெப்ரவரி 2025

பிலேந்திரனுக்கு,

இனித் தொலைபேசியில் கதைப்பதில்லை, சொல்ல இருப்பதை எழுதுவோம் என்று போன கிழமை சொன்னது நீங்கள். கோபத்தில் சொன்னதாக இருக்கலாம். எனக்கு அது சரியாகவே படுகிறது. கடிதத்தில் ஒருவரின் வசனத்தை மற்றவர் இடையில் வெட்ட முடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். இந்த வீட்டை விற்க எனக்குச் சம்மதமில்லை. நூதனசாலை வேலையையும் ஒஸ்லோவையும் விட்டுவிட்டு வடகோடி போட்ஸ்ஃபியூருக்கு வந்து குடியிருக்கவும் நான் தயாரில்லை. போன செப்டெம்பரில் மீன் தொழிற்சாலையின் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்தபோது, போய்ப் பாருங்கள் என்று சொன்னேன். நானும் வருவேன் என்று சொல்லவில்லை. வீடு இருவர் பெயரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. வெருட்டுவதற்காக இதை எழுதவில்லை. உள்ள நிலைமை அது.

இனி வேறு விஷயம். வருகிற ஜூன் ஏழாம் திகதி, நோர்வே சுவீடனுடனான ஒன்றியத்தை விட்டு விலகி நூற்றிருபது வருடம். அதை ஒட்டி எங்கள் நூதனசாலையில் ஒரு சிறு கண்காட்சி வைக்கிறோம். ஆனால் சுவர்களில் தொங்கப்போவது நோர்வே படங்கள் அல்ல, விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் கேலிச்சித்திரங்கள். அயர்லாந்துக்குத் தன் உள்விவகாரங்களைத் தானே பார்க்கும் ஆட்சியைக் கொடுப்பதா இல்லையா என்று அங்கே பல வருடம் தங்களுக்குள் அடிபட்டார்கள். 1886 இல் பிரதமர் கிளாட்ஸ்டன் அதற்கான சட்டமூலத்தைக் கொண்டுவந்தபோது, நோர்வேயையும் சுவீடனையும் பாருங்கள், இரண்டு பாராளுமன்றம், ஒரு அரசன், எவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்று உதாரணம் காட்டினார். அந்தத் தொடர்பை வைத்துத்தான் இந்தக் கண்காட்சி.

விளக்கப் பலகைகள் ஐந்து மொழியில். தமிழ் என் தலையில். ‘ஹோம் ரூல்’ என்பதற்கு ஒரு சொல் வேண்டும். நோர்வேஜியத்தில் ‘யெம்மஸ்தீர’ என்று சுலபமாக முடிந்துவிட்டது, அதிலும் வீடு இருக்கிறது. தமிழில் சுயாட்சி என்று போட்டால் எங்கள் ஆட்கள் அயர்லாந்தை விட்டுவிட்டு 2002 ஆம் ஆண்டு இலங்கைச் சமாதானப் பேச்சுவார்த்தைக்குப் போய்விடுவார்கள். சமஷ்டி என்று போட்டால் கதிரை பறக்கும். எங்கள் அரசியல் ஒட்டாத ஒரு சொல் தேவை. சொல் பிடிப்பதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். இதைக் கேட்பதால் மற்ற விஷயத்தில் இறங்கிவந்துவிட்டேன் என்று எடுக்க வேண்டாம்.

அஜந்தா


போட்ஸ்ஃபியூர்
23 பெப்ரவரி

அஜந்தா,

‘பிலேந்திரனுக்கு’ என்ற தொடக்கத்தைப் பார்த்ததும் ஊரில் அரசாங்கக் கச்சேரியிலிருந்து காணி விஷயமாக ஏதோ வந்திருக்கிறது என்று நினைத்தேன். கீழே உமது கையெழுத்தைக் கண்ட பிறகுதான் கதிரையில் இருந்து வாசித்தேன்.

மலைப்பாதை புயலால் பூட்டிக் கிடந்ததால் பதில் பிந்துகிறது. தொண்ணூறாம் ஆண்டில் அகதியாக வந்து இதே தொழிற்சாலையில் கொட் மீனுக்கு முள் எடுத்தவன் நான் என்பது உமக்குத் தெரியும். அப்போது நின்ற அதே இடத்தில் இப்போது லித்துவேனியாப் பெடியள் நிற்கிறார்கள். அந்த நாளில் என்னோடு வந்த எல்லோரும் ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள், யோசேப்பு அண்ணையைத் தவிர. இந்த முறை அவர் என்னைத் திரும்பக் கண்ட முதல் நாள் கேட்டது: “என்ன தம்பி, ஒஸ்லோவிலை இடம் முடிஞ்சுதோ?”

சொல்லுக்கு வருகிறேன். வீட்டாட்சி என்றால் சனம் சிரிக்கும். எங்கள் வீட்டில் யாருடைய ஆட்சி என்று ஒஸ்லோ முழுக்கத் தெரியும். ‘இல்லாட்சி’ என்று போட்டுப் பாரும். இல் என்றால் வீடு. இல்லத்தின் ஆட்சி இல்லாட்சி. அதே சொல்லை இல்லாத ஆட்சி என்றும் பிரிக்கலாம். அயர்லாந்துக்காரர் கேட்டது முதலாவது. லண்டன்காரர் கொடுக்க நினைத்தது இரண்டாவது. ஒரே சொல்லில் இரண்டு பகுதியையும் அடக்கியிருக்கிறேன். இதற்கு நூதனசாலை எனக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும்.

நிலன் துறொண்ட்ஹைமில் படிப்பு முடித்து அங்கேயே நிற்கப் போகிறான். மகனும் இல்லாத நாலு அறை வீட்டில் நீர் தனியே இருந்து யாரை ஆளப் போகிறீர்? இங்கே கடலைப் பார்த்தபடி ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது. சமையலறை ஜன்னலால் படகுகள் உள்ளே வருவது தெரியும். வந்து பார்க்காமல் வேண்டாம் என்று சொல்வது படித்த ஆளுக்கு அழகில்லை.

பிலேந்திரன்


லோறென்ஸ்கூக்
16 மார்ச்

பிலேந்திரன்,

செவ்வாய்க்கிழமை நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் ஒரு பெண்ணும், முக்காலியோடு ஒரு பெடியனும் நின்றார்கள். அந்தப் பெண் கைகொடுத்துத் தன் பெயர் எம்மா என்றும், வீட்டுத் தரகர் என்றும், விற்பனைக்குப் படமெடுக்க உங்களோடு பேசி நேரம் எடுத்ததாகவும் சொன்னார். “பிலேந்திரன் உங்களிடம் சொல்லியிருப்பார்தானே” என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் முகம் சிவந்துபோயிற்று. பாவம், அவரில் பிழையில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். படம் எடுக்க விடவில்லை.

இதைப் பற்றி மேலும் எழுதினால் தொலைபேசியில் கதைப்பது போலாகிவிடும். ஆகவே படங்களைப் பற்றி எழுதுகிறேன்.

இருபத்தாறு படங்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றில் அயர்லாந்துக்காரனுக்குக் குரங்குத் தாடை, கையில் பொல்லுத்தடி. பிரதமர் சிலவற்றில் வித்தைக்காரர், ஒன்றில் ஓட்டைப் படகின் மாலுமி, இன்னொன்றில் வேகாத பணியாரத்தைப் பரிமாறும் சமையற்காரி. டப்ளினில் அச்சான இரண்டு படமும் இருக்கிறது. அவற்றில் அயர்லாந்து கோயிற் சிலை மாதிரி ஓர் அழகான பெண். யார் வரைகிறார் என்பதைப் பொறுத்துத்தான் முகம்.

நான் அதிக நேரம் பார்ப்பது ஒன்றைத்தான். ஒரு வீட்டு முன்னறை. இங்கிலாந்து என்ற தடித்த புருஷன் நெருப்பண்டை கதிரையில் இருக்கிறான். அயர்லாந்து என்ற மனைவி கையில் பெட்டியோடு கதவருகே நிற்கிறாள். பிரதமர் இருவருக்கும் நடுவில் குனியும் சட்டத்தரணி. கீழே எழுதியிருப்பது: ‘அவள் கேட்பது வாசல் சாவி மட்டுமே.’ பேசுவது சட்டத்தரணி. புருஷன் உறுமுகிறான். அவளுக்கு ஒரு வசனமும் இல்லை.

அந்தச் சட்டமூலத்தில் பாதுகாப்பு, வெளிவிவகாரம், வெளிநாட்டு வர்த்தகம் எல்லாம் லண்டனிடமே இருந்தன. மிச்சம்தான் டப்ளினுக்கு. பிரிவினை என்று எதிர்த்தவர்கள் கத்தினார்கள், ஆனால் அயர்லாந்துக்காரர் கேட்டது பிரிவினை அல்ல. நான் கேட்பதும் அவ்வளவுதான். நீங்கள் அங்கே வேலை செய்யுங்கள். நான் இங்கே இருக்கிறேன். இந்த வீட்டை வைத்திருப்போம். வேலை முடிந்ததும் நீங்கள் இங்கே வாருங்கள். கலியாணம், நிலன், ஊர்க் காரியங்கள் பொது. என் வேலையும் நான் இருக்கும் இடமும் என் விவகாரம்.

‘இல்லாட்சி’யை எடுத்துக்கொண்டேன். நல்ல சொல். எங்கள் தமிழ்ப் பாடசாலைக் குகநேசன் மாஸ்டர் எழுத்துப் பிழை பார்த்துத் தருவார்.

அஜந்தா


போட்ஸ்ஃபியூர்
6 ஏப்ரில்

அஜந்தா,

தரகரை நான் கூப்பிட்டது விலை அறிய மட்டும். படமெடுக்க வரச்சொன்னது அவசரம்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உம்மிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நீர் ஒரு திட்டம் வைத்திருக்கிறீர். பாதி மனுசி, பாதி வீடு, லீவு நாளில் புருஷன். பாதி ஆட்சி ஆட்சியே இல்லை என்று நான் எங்கள் ஊர் அரசியலில் இருபது வயதிலிருந்து சொல்லி வருகிறேன். வீட்டுக்குள் வேறு கொள்கை வைக்க முடியாது.

இன்னொன்று. உமது பிரதமர் உதாரணம் காட்டிய நோர்வேயும் சுவீடனும் என்னவாயின? ஒழுங்காக நடக்கிறது என்று அவர் சொல்லிப் பத்தொன்பது வருடத்தில் உடைந்துபோயின. அதுவும் எதற்காக? வெளிநாடுகளில் இருக்கும் கொன்சல்காரரை யார் நியமிப்பது என்பதற்காக. பொது என்று ஒதுக்கிவைத்த விஷயத்திலேயே வெடித்தது. சரித்திரம் படித்தவர் நீர். நான் மீன்காரன். பதில் சொல்லும்.

யோசேப்பு அண்ணைக்கு உமது படத்தைப் பற்றிச் சொன்னேன். “பெட்டியோடை நிக்கிறவளை விட்டுவிடச் சொல்லு தம்பி, வெளியிலை குளிர் கூட, தானாத் திரும்பி வருவாள்” என்றார். அவர் மனுசி போனவள் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை.

கடலைப் பார்க்கிற அந்த வீட்டின் சொந்தக்காரர் ஓகஸ்ட் வரைதான் பொறுப்பாராம். அதற்கிடையில் ஒரு முடிவு சொல்லும், இல்லாட்டி

பிலேந்திரன்


லோறென்ஸ்கூக்
25 மே

பிலேந்திரன்,

பதில் எழுதாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் மட்டுமல்ல, வேலையும். வியாழக்கிழமை கண்காட்சி திறந்தாயிற்று. நடந்ததை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முதல் நானே சொல்லிவிடுகிறேன்.

குகநேசன் மாஸ்டர் பிழை பார்த்தார். மிகக் கவனமாகப் பார்த்தார். இல்லாட்சி என்று ஒரு சொல் அவர் அகராதியில் இல்லை. நான் ‘டி’க்குப் பதிலாக ‘சி’ அடித்துவிட்டேன் என்று நினைத்து, பதினொரு பலகையிலும் திருத்திவிட்டார். அச்சான பிறகு நான் மேலோட்டமாகத்தான் பார்த்தேன். திறப்பு விழாவில் முதலாவது பலகையின் முன்னால் சனம் கூடி நின்றது. அதில் இருந்தது: ‘1886 ஆம் ஆண்டின் ஐரிஷ் இல்லாட்டிச் சட்டமூலம்.’ அடுத்ததில்: ‘அயர்லாந்து மக்கள் நீண்ட காலமாக இல்லாட்டி கோரி வந்தனர்.’

மாஸ்டரைத் தேடிப் பிடித்தேன்.

“மாஸ்டர், இல்லாட்டி எண்டு ஒரு சட்டம் இருக்குமோ?”

“ஏன் பிள்ளை, எல்லாச் சட்டமும் அதுதானே. வரியைக் கட்டு, இல்லாட்டி மறியற்சாலை.”

“நான் எழுதினது இல்லாட்சி.”

“அப்பிடி ஒரு சொல் இல்லை.”

“என்ரை இவர்தான் உருவாக்கினவர்.”

“அப்ப அவர்தான் எனக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருக்கோணும்,” என்றார். அவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலவே நின்றார்.

இங்கே பிறந்து வளர்ந்த வர்சா, எல்லிங்ஸ்ருட்டிலிருந்து வந்தவள், என்னிடம் வந்து, கண்காட்சிக்கு வழக்கம்போல நோர்வேஜியச் சொல்லைப் போட்டு, மெதுவாகச் சொன்னாள்: “அன்ரி, இந்த உத்ஸ்தில்லிங்கிலை எனக்கு உடனை விளங்கின தமிழ்ச் சொல் அது ஒண்டுதான். பிளீஸ், மாத்தாதேங்கோ.” அவள் படமெடுத்து எங்கெங்கோ போட்டுவிட்டாள். இப்போது தமிழ்ச் சனம் பலகை பார்க்கவே வருகிறது. புதிதாக அச்சடிக்கப் பணமில்லை என்று இயக்குநர் சொல்லிவிட்டார். ஒரு வெள்ளைக் காகிதத்தில் திருத்தம் எழுதிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அதை யாரும் வாசிப்பதில்லை.

உங்கள் நோர்வே, சுவீடன் கேள்விக்குப் பதில். உடைந்தது உண்மை. ஆனால் ஒரு வெடிகூட வெடிக்கவில்லை. இருந்து கதைத்து, எழுதி, பிரிந்தார்கள். இன்றைக்கு எல்லைக்கு அப்பால் சுவீடனுக்குப் போய் மலிவாக இறைச்சி வாங்கிக்கொண்டு வருகிறோம். அயர்லாந்துக்கு அந்தப் பாதி ஆட்சியைக் கொடுக்க மறுத்தார்கள். பிறகு கிளர்ச்சி, யுத்தம், நாடு துண்டானது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் அதைத்தான் யோசிக்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் ‘இல்லாட்டி’ என்ற சொல்லோடு நிற்கிறது. அதற்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லை. இல்லாட்டி என்ன? எழுதுங்கள். தெரியாமல் ஒரு முடிவுக்கு வர எனக்கு முடியாது.

ஜூன் ஏழு சனிக்கிழமை, நான் பின்னேரம் படங்களைப் பற்றிப் பேசுகிறேன். வர முடிந்தால் வாருங்கள்.

அஜந்தா


போட்ஸ்ஃபியூர்
10 ஜூன்

அஜந்தா,

நான் சனிக்கிழமை வந்தேன். சொல்லாமல் வந்து, சொல்லாமல் திரும்பினேன். ஏன் என்று எழுதத்தான் இந்தக் கடிதம். இதில் பகிடி குறைவாக இருக்கும்.

நீர் மேடையில் பேசத் தொடங்கியிருந்தீர். நான் பின்னால் நின்றேன். குகநேசன் மாஸ்டர் என்னைக் கண்டு, பக்கத்தில் நின்ற ஒரு புது ஆளிடம் இழுத்துக்கொண்டு போனார்.

“இவர் ஆர் தெரியுமோ? எங்கட அஜந்தாவின்ரை மனுசன்.”

“அப்பிடியோ. பேர்?”

மாஸ்டர் வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. “பொறும், இப்ப நாக்கிலை நிக்குது” என்றார். பிறகு, “வடக்கிலை மீன் வெட்டுறார்” என்று முடித்தார். நானும் சிரித்தேன். அந்த ஆளும் சிரித்தார். மாஸ்டர் கெட்ட மனுசன் இல்லை. வேணுமென்று செய்யவும் இல்லை.

நான் உடனே உமது அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். நீர் எழுதியதை வாசித்து நான் நினைத்ததைவிடச் சிறிய படம். மூன்று பேரையும் நன்றாகப் பார்த்தேன். நீர் அவளைப் பார்த்து உம்மை நினைத்தீர், கடிதத்தில் அது தெரிந்தது. நானும் உம்மையே நினைத்துக்கொண்டுதான் போனேன். ஆனால் வீட்டில் கதிரையில் இருப்பது யார்? பெட்டியோடு வெளிக்கிட்டது யார்? வெளிக்கிட்டது நான். அங்கே பெட்டியோடு நிற்பது நான்தான், அஜந்தா.

ஒஸ்லோவில் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் அஜந்தாவின் மனுசன். எங்கள் வீட்டில் யாருடைய ஆட்சி என்று மற்றவர்கள் சொல்ல முதல் நானே சொல்லிச் சிரிப்பேன். முந்திக்கொண்டால் நோகாது என்று பழகிவிட்டது. இங்கே காலையில் உள்ளே போனால் அறுபது பேர் “பிலேன்” என்று கூப்பிடுகிறார்கள். இயந்திரம் நின்றால் என்னைத் தேடுகிறார்கள். நீர் ஒன்றும் குறை செய்யவில்லை. நான் இதை உமக்குச் சொன்னதும் இல்லை. இப்போதுதான் எனக்கே சொல் கிடைத்தது.

இல்லாட்டி என்ன என்று கேட்டீர். எழுதத் தெரியாமல்தான் அந்த வசனம் நின்றது. நீர் வராவிட்டாலும் நான் இங்கேதான் இருப்பேன். அதுதான். லீவில் வந்துபோகிற ஆளாக லோறென்ஸ்கூக் வீட்டுக்கு இனித் திரும்ப மாட்டேன்.

வேண்டுமானால் பிரிவுக்கு விண்ணப்பியும். நான் மறுக்க மாட்டேன்.

பிலேந்திரன்


லோறென்ஸ்கூக்
29 ஜூன்

பிலேந்திரன்,

சனிக்கிழமை உங்களைக் கண்டேன். பேசிக்கொண்டிருந்ததால் இறங்க முடியவில்லை. முடித்து இறங்கியபோது நீங்கள் இல்லை. மாஸ்டர் வந்து, “பிலேந்திரன், பிலேந்திரன்” என்று இரண்டு தரம் சொன்னார். என்ன மாஸ்டர் என்றேன். “ஒண்டுமில்லைப் பிள்ளை, இப்பதான் ஞாபகம் வந்தது” என்றார். அது ஏன் என்று உங்கள் கடிதம் வந்த பிறகுதான் விளங்கியது.

படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் ஏற்க விரும்பவில்லை. இரண்டு கிழமை அதற்கு மறுப்புத் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த லண்டன் படங்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கருத்துத்தான். இவர்களால் தங்களைத் தாங்களே ஆள முடியாது, விட்டால் பசித்துத் திரும்பி வருவார்கள். குரங்கு முகம் அதற்காகத்தான். நீங்கள் ஈஸ்டருக்குள் திரும்பிவிடுவீர்கள் என்று நான் என் அக்காவிடம் சொல்லியிருந்தேன். மலைப்பாதை பூட்டிவிட்டது என்று நீங்கள் எழுதியபோது, எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆகவே என் முடிவு. எம்மாவைக் கூப்பிட்டேன். இந்த முறை அவர்களைப் படமெடுக்க விட்டேன். பத்திரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன். வீடு விற்கட்டும். உங்கள் பங்கில் கடலைப் பார்க்கிற அந்த வீட்டை வாங்குங்கள்.

நான் அங்கே குடிவரவில்லை. அதில் மாற்றமில்லை. எல்லிங்ஸ்ருட்டில் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்று பார்த்து, என் பெயரில் எடுத்திருக்கிறேன். ஒரு பக்கம் காடு. நடந்து போனால் ரயில். நீங்கள் அங்கே வந்தால் லீவில் வந்துபோகிற ஆள்தான். நான் போட்ஸ்ஃபியூருக்கு வந்தால் நானும் அப்படித்தான். இது உங்களுக்குப் பாதியாகத் தெரிந்தால் தெரியட்டும்.

பிரிவுக்கு விண்ணப்பம் செய்யவில்லை. எனக்கு அதில் விருப்பமுமில்லை.

ஓகஸ்ட் முதல் கிழமை எனக்கு லீவு. சமையலறை ஜன்னலைப் பார்க்க வரலாமா? திரும்பும் ரிக்கற்றும் சேர்த்துத்தான் எடுப்பேன். பெரிய கிறைண்டரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், இங்கே வைக்க இடமில்லை.

இன்னொரு கேள்வி. புது வீட்டின் தபால் பெட்டிக்குப் பெயர் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள். என் பெயரை மட்டும் கொடுத்திருக்கிறேன். இரண்டு பெயர் போட இடமுண்டு. உங்கள் பெயரையும் போடுவதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கேட்காமல் போட மாட்டேன்.

அஜந்தா


போட்ஸ்ஃபியூர்
8 ஜூலை

அஜந்தா,

போடும். முழுப் பெயராகப் போடும்.

இங்கே என் தபால் பெட்டியில் உமது பெயரை நான் வந்த செப்டெம்பரிலேயே போட்டுவிட்டேன். உம்மைக் கேட்கவில்லை. அஜந்தா யார், எப்போது வருகிறார் என்று தபால்காரர் குளிர்காலம் முழுக்க என்னைக் கேட்டார். உமது கடிதம் வந்த அன்று அந்தப் பெயர்த்தகட்டைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

ஓகஸ்டில் வாரும். வந்து, அதைத் திரும்பப் பெட்டியில் பூட்டுவதா வேண்டாமா என்று சொல்லும்.

பிலேந்திரன்